பொட்டலத்தில் ஒரு பிறப்புச் சான்று

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருந்தபோது ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கினேன், வெளியூர்ப் பேச்சில் வேர்க்கடலை. வேகவைத்தது, உப்புத் தண்ணீர்கூட முழுசாக வடியவில்லை. தின்று முடித்ததும் கையில் மிஞ்சியது பழைய பேப்பரில் கால் பக்கம். ஈரத்தில் ஊறி, ஓரமெல்லாம் பிய்ந்து, மேல் விளிம்பில் தேதி இருந்த இடம் மட்டும் சரியாகக் கிழிந்து போயிருந்தது. நடுவில் ஒரு தலைப்பின் பாதி தெரிந்தது: 'பெஞ்சல்' புயல். அந்தப் பெயரின் இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி.

தேதி இல்லாவிட்டால் என்ன, அந்தத் தாள் எப்போது அச்சானது என்று இந்தப் பக்கத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய புயல் அது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயில் பாலத்தைத் தண்ணீர் மிரட்டியதில் தென் மாவட்ட ரயில்கள் நின்றுபோயின. ஆகவே தாள், நவம்பர் கடைசி வாரமோ டிசம்பர் முதல் வாரமோதான்.

பஸ் வர நேரமிருந்ததால் அந்த ஈரத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னிடம் இரண்டு சொற்கள். ஒன்று தாளின் மேல் அச்சாகியிருக்கும் பெஞ்சல். இன்னொன்று தாளுக்குள் இருந்து என் வயிற்றுக்குப் போன மல்லாட்டை. முதல் சொல் தமிழுக்குள் எந்த வாரம் வந்தது என்றே சொல்ல முடிகிறது. இரண்டாவது சொல்லைத் தென்னாற்காட்டு வாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றன. அது பிறந்த பத்தாண்டைக்கூட யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் செய்தித்தாள்.

ஒரு புயல், நாலு எழுத்துக்கூட்டல்

வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்க 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து, 169 பெயர்கள் கொண்ட பட்டியல் 2020இல் வெளியானது. அதில் சவூதி அரேபியா கொடுத்த பெயர்தான் இது. ஆங்கில எழுத்தில் வந்த பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? ஒரு பேப்பர் பெஞ்சல் என்றது, இன்னொன்று ஃபெஞ்சல் என்றது. டி.வி.யில் ஃபெங்கல், வாட்ஸ்அப்பில் பெங்கல். புயல் கரையேறுவதற்குள் பெயர் நாலு தடவை சட்டை மாற்றிவிட்டது.

வாசகருக்கு இது குழப்பம். சொல்லின் வயதை ஆராய்பவருக்கோ இது கைரேகை மாதிரி. எழுத்துக்கூட்டல் ஆடுகிறது என்றால் சொல் இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறது என்று பொருள். வேறு அடையாளங்களும் உண்டு. புதுச்சொல்லைச் செய்தியாளர் மேற்கோள் குறிக்குள் நிறுத்துவார், 'இது என் சொல் இல்லை, கேட்டதைச் சொல்கிறேன்' என்கிற மாதிரி. கூடவே 'எனப்படும்' என்றோ 'என்று அழைக்கப்படும்' என்றோ ஒரு விளக்கத்தைத் துணைக்கு அனுப்புவார். கொஞ்ச நாளில் விளக்கம் உதிரும். பிறகு குறி உதிரும். அப்புறம் சொல் வேற்றுமை உருபுகளை ஏற்றுக்கொள்ளும். கடைசியில் உவமையாகும். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் அது வீட்டு ஆள்.

இந்தப் படிகளை நம் காலத்திலேயே ஏறி முடித்த சொல் சுனாமி. 2004 டிசம்பர் 26க்கு முன்பு தமிழில் அது பாடப்புத்தகத்தில் தேட வேண்டிய சொல். மறுநாள் காலை அதை எழுதாத தமிழ்ப் பேப்பர் இல்லை. ஆழிப்பேரலை என்ற சொல்லும் உடன் வந்தது. இரண்டும் சில காலம் தோளோடு தோள் நடந்தன. பிறகு சுனாமியால், சுனாமிக்குப் பின், சுனாமி குடியிருப்பு என்று உருபும் ஒட்டும் சேர்ந்து, தேர்தல் செய்தியில் வாக்குச் சுனாமிவரை போய்விட்டது. ஜப்பானியச் சொல் மரக்காணம் கடற்கரையில் முகவரி ஆனது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' படத்திலேயே கமல்ஹாசன் சுனாமி பற்றிப் பேசிவிடுகிறார். அதனால் 2004 டிசம்பரைச் சுனாமி என்ற சொல் தமிழில் பரவிய நாள் என்று சொல்லலாமே தவிர, நுழைந்த நாள் என்று சொல்லக் கூடாது. முதல் சான்று வேறு, பரவல் வேறு. சொல்லுக்குத் தேதி குறிப்பவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளவே மாட்டார்கள்.

துண்டுச்சீட்டுத் தொழில்

இப்படித் தேதி குறிப்பதை ஒரு தொழிலாகவே வளர்த்தது ஆங்கிலம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது, முழுதும் முடிய 1928 ஆனது. ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே தம் வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார். உலகம் முழுதும் இருந்து தன்னார்வலர்கள் துண்டுச்சீட்டு அனுப்பினார்கள். சீட்டின் தலையில் சொல், கீழே அது வந்த வாக்கியம், எந்த நூல் அல்லது இதழ், எந்தப் பக்கம், எந்தத் தேதி. அவ்வளவுதான். இப்படி வந்து குவிந்தவை சுமார் 50 லட்சம் சீட்டுகள். அவற்றில் தேறி அச்சேறிய மேற்கோள்கள் மட்டும் 18 லட்சத்துக்கு மேல்.

அகராதியின் தொடக்கக் காலத்திலேயே ஒரு சண்டை வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு மேலிடத்தில் சிலருக்குச் செய்தித்தாள் மேற்கோள்கள் பிடிக்கவில்லை. பெரிய எழுத்தாளர்களை மேற்கோள் காட்டுவதுதான் மரியாதை என்பது அவர்கள் கட்சி. மர்ரே இசையவில்லை. காரணம் எளிது. கவிஞர் ஒரு சொல்லைப் பல நாள் யோசித்து, பழகி, மெருகேற்றித்தான் எழுதுவார். அந்தச் சொல் தெருவில் பிறந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். செய்தியாளருக்கு அந்த அவகாசம் இல்லை. இரவு பக்கம் முடிவதற்குள் எழுதியாக வேண்டும். காதில் விழுந்தது அப்படியே தாளில் இறங்கும். அவசரத்தில் எழுதப்படுவதுதான் செய்தித்தாளின் குறை என்பார்கள். சொல்லாராய்ச்சிக்கு அந்தக் குறையே வரவு.

இன்னொரு வசதியும் உண்டு. புத்தகத்துக்கு ஆண்டு மட்டும்தான் தெரியும், அதுவும் மறுபதிப்பில் மாறும். செய்தித்தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் நாள், கிழமை, ஊர் எல்லாம் அச்சாகியிருக்கும். யாரும் பின்னால் போய்த் திருத்த முடியாது.

மர்ரேக்கு ஒரு குறையும் இருந்தது. சீட்டு அனுப்புகிறவர்கள் அபூர்வச் சொல்லாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தார்கள், சாதாரணச் சொல்லை விட்டுவிட்டார்கள். வழக்கொழிந்த 'அபியூஷன்' என்ற சொல்லுக்கு 50 சீட்டு வந்ததாம், எல்லோரும் அன்றாடம் சொல்லும் 'அபியூஸ்' என்ற சொல்லுக்கு ஐந்து சீட்டுகூட இல்லையாம். 'இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்று தோன்றும் சொல்லைத்தான் யாரும் குறித்துவைப்பதில்லை. என் பொட்டலத்துக்கு இந்தப் புலம்பல் தேவைப்படும், பிறகு வருகிறேன்.

கதைகளைக் கவிழ்த்த பக்கங்கள்

உலகத்தில் அதிகம் பேர் சொல்லும் ஆங்கிலச் சொல் ஓ.கே.வாகத்தான் இருக்கும். அதன் பிறப்புக்கு எத்தனையோ கதைகள் உலவின. செவ்விந்தியர் சொல் என்றார்கள், அமெரிக்க அதிபர் ஒருவர் எழுத்துப்பிழையோடு போட்ட கையெழுத்து என்றார்கள். ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியியலாளர் 1963, 64இல் எழுதிய கட்டுரைகளில் எல்லாக் கதைகளையும் ஓரம் கட்டினார். அவர் கையில் இருந்தது 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் மார்னிங் போஸ்ட். அந்தக் காலத்துப் பாஸ்டன் பேப்பர்களில் வேண்டுமென்றே தப்பாக எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் போட்டுச் சிரிப்பது ஒரு மோஸ்தர். 'ஆல் கரெக்ட்' என்பதைக் கொச்சையாக எழுதி ஓ.கே. என்று சுருக்கினார்கள். அந்தக் கேலிச் சுருக்கங்களில் மற்றவை செத்துப்போக இது மட்டும் பிழைத்தது. மறுவருடம் அதிபர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் ஊரான கிண்டர்ஹுக்கை வைத்து அவர் ஆட்கள் அதே எழுத்துகளைக் கோஷமாக்கிய புண்ணியம்.

ஜாஸ் என்றால் இசை என்று நினைக்கிறோம். ஆனால் 1912 ஏப்ரல் 2 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் அந்தச் சொல் வருவது பேஸ்பால் செய்தியில். ஒரு பந்துவீச்சாளர், தன் பந்து கண்டபடி ஆடி ஆடிப் போகும் என்பதால் அதற்கு ஜாஸ் என்று பெயர் வைத்திருந்தார். இசை பின்னால்தான் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அந்தப் பழைய பக்கம் கிடைத்திராவிட்டால் இது யாருக்கும் தோன்றியிராது.

நமக்கு நெருக்கமான உதாரணம் 'ப்ரீபோன்'. கல்யாண மண்டபம் கிடைக்கவில்லை, முகூர்த்தத்தைப் ப்ரீபோன் பண்ணிவிட்டோம் என்று விழுப்புரத்திலும் சொல்வார்கள். இது இந்தியர்கள் கண்டுபிடித்த சொல், வெள்ளைக்காரனுக்குத் தெரியாது என்று நமக்கு ஒரு பெருமை. 1913இல் நியூயார்க் டைம்ஸுக்கு வந்த ஒரு வாசகர் கடிதம் அந்தப் பெருமையில் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிட்டது. 'போஸ்ட்போனுக்கு எதிர்ச்சொல்லாக இதை வைத்துக்கொள்ளலாமே' என்று யோசனை சொல்கிறார் அமெரிக்கர் ஒருவர். அவர் சொல் அங்கே எடுபடவில்லை. இந்தியர்கள் பிறகு தனியாகவே அதைச் செய்து, ஓட்டியும் காட்டினார்கள்.

இந்த மூன்று கதையும் சொல்வது ஒன்றே. அகராதியில் போடும் முதல் தேதி, சொல் பிறந்த நாள் இல்லை. 'இந்த நாளுக்குப் பிறகு பிறந்திருக்க முடியாது' என்கிற எல்லைக்கல். நாளையே யாராவது பழைய பக்கமொன்றைக் கண்டெடுத்தால் கல் பின்னோக்கி நகரும். அறிவியலில் எந்த முடிவும் இப்படித்தான், அடுத்த சான்று வரும்வரை.

மிளகுத்தண்ணி போன வழி

தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குள் போனதற்கும் செய்தித்தாளில் தடம் இருக்கிறது. 'மலிகட்டானி' என்று உலக ஓட்டல்களில் விற்கும் சூப், நம் மிளகுத்தண்ணிதான். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னலும் சேர்ந்து செய்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 1886இல் வந்தது. இந்தச் சொல்லுக்கு அதில் உள்ள மிகப் பழைய சான்று 1784ஆம் ஆண்டுடையது, கல்கத்தா கெஜட்டின் பழைய பக்கங்களைத் தொகுத்த நூலிலிருந்து எடுத்தது. இந்தியாவின் முதல் செய்தித்தாளான ஹிக்கியின் பெங்கால் கெஜட் 1780 ஜனவரி 29இல் வந்து நாலே வருடம்தான் ஆகியிருந்தது.

சான்று ஒரு பாட்டு. எழுதியவர் ஹைதர் அலியிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கடற்படைக்காரர். பெங்களூர்ச் சிறையில் மிளகுத்தண்ணியும் கஞ்சியும்தான் சாப்பாடு என்று அதில் அலுத்துக்கொள்கிறார். 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன், தாம் பிடித்த ஆங்கிலேயர்களை ஹைதரிடம் ஒப்படைத்தது நம் பக்கத்துக் கடலூரில். தமிழ்ச் சாப்பாடு ஆங்கிலத்துக்குள் போன கதையில் விருந்தும் இல்லை, சமையல் குறிப்பும் இல்லை. ஒரு கைதியின் புலம்பலை ஒரு பேப்பர் அச்சடித்ததால் சொல்லுக்குத் தேதி கிடைத்தது.

பிறப்புச் சான்றிதழோடே பிறந்த சொல்லும் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' 1903இல் தொடங்கியபோது அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. தம் போராட்டத்துக்கு இந்தியப் பெயர் வேண்டும் என்று 1907 கடைசியில் அந்த இதழில் வாசகர்களிடம் கேட்டார். மகன்லால் காந்தி 'சதாகிரகம்' என்று எழுதியனுப்ப, அதைக் காந்தி 'சத்தியாகிரகம்' ஆக்கி 1908 ஜனவரியில் அறிவித்தார். பெற்றவர், பெயர் வைத்தவர், பிறந்த நாள் மூன்றும் அச்சில் இருக்கும் சொற்கள் எந்த மொழியிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இரவு மேசை

தமிழ்ச் செய்தித்தாளுக்கு ஒரு தனிச் சிக்கல். செய்தி வருவது பெரும்பாலும் ஆங்கிலத்தில், போக வேண்டியது தமிழில், நடுவில் இருப்பது ஒரு துணையாசிரியரும் சில மணி நேரமும். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் நிலை. அங்கே 1904இல் துணையாசிரியராகச் சேர்ந்த பாரதி, இந்தத் தவிப்பைப் பிற்காலத்தில் ஒரு கட்டுரையில் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார். 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் தேடி, ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்து, எதுவும் மனசுக்கு ஒட்டாமல், கடைசியில் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். அவர் தேடிய இடத்தில் இன்று 'உறுப்பினர்' நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கட்டுரை எழுதப்பட்ட காலத்தில் 'உறுப்பினர்' வழக்கில் ஊன்றவில்லை என்பதற்கு அந்த ஒப்புதலே சான்று. ஒரு சொல் இருந்ததற்கு மட்டுமல்ல, இல்லாததற்கும் செய்தித்தாள் சாட்சி சொல்லும்.

இரவு மேசையில் நடக்கும் இன்னொரு வேலை, பழைய சொல்லுக்குப் புதுப் பணி கொடுப்பது. 'ஊரடங்கின பிறகு' என்றால் கிராமத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு என்று பொருள். கலவரக் காலத்தில் 'ஊரடங்கு உத்தரவு' ஆனது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, அதுவரை தமிழில் தேவைப்படாத 'லாக்டவுன்' என்ற கருத்தையும் அதே சொல்லின் தோளில் ஏற்றினார்கள். முழு ஊரடங்கு, தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு என்று சொல் கிளைவிட்டது. விக்கிரவாண்டியில் நாம் காசு கட்டும் இடத்தைப் பேப்பர் சுங்கச்சாவடி என்கிறது. சுங்கமும் சாவடியும் பழைய சொற்கள், ஃபாஸ்டேக் ஒட்டிய காருக்குப் புதுசாகச் சேவை செய்கின்றன. பஸ்ஸில் போகிறவர் மட்டும் கண்டக்டரிடம் 'டோல்கேட்டுல இறங்கணும்' என்பார்.

புயல் என்ற சொல்லே அப்படிப்பட்டதுதான். பழைய இலக்கியத்தில் புயல் என்றால் மேகம், மழை. இன்று சுழன்றடிக்கும் காற்று. ஆங்கிலத்தில் இதற்கு ஈடான 'சைக்ளோன்' இந்தியாவில் பிறந்தது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதைச் செய்தார். அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர் பெயர் தெரியும். புயல் எப்போது மேகத்திலிருந்து காற்றுக்குத் தாவியது? அதற்குப் பழைய தமிழ்ப் பேப்பர்களை வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும்.

கணினி திணறும் இடம்

படிக்க வேண்டியதில்லையே, கணினியில் தேடலாமே என்று தோன்றும். ஆங்கிலத்தில் அப்படித்தான் நடக்கிறது. கோடிக்கணக்கான பழைய பக்கங்களை ஒளிவருடி, எழுத்தை மென்பொருள் படிக்க, வீட்டில் இருந்தபடியே ஆர்வலர்கள் சொற்களின் தேதியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

தமிழில் இது அவ்வளவு சுலபமில்லை. முதல் இடர், உருபு. ஆங்கிலச் சொல்லைத் தேடினால் அப்படியே கிடைக்கும், அல்லது கடைசியில் ஓர் எழுத்துக் கூடியிருக்கும். தமிழில் 'ஊரடங்கு' ஐ ஏற்றால் ஊரடங்கை, ஆல் ஏற்றால் ஊரடங்கால். கடைசி உகரம் கரைந்து உருபோடு ஒன்றாகிவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு இவையெல்லாம் வேறு வேறு சொற்கள். உருபைக் கழற்றி வேர்ச்சொல்லைக் காட்டும் நிரல் முதலில் வேண்டும்.

இரண்டாவது, குறுகிய பத்தி. செய்தித்தாள் பத்தியில் சொல் பாதியில் மடங்கி அடுத்த வரிக்குப் போகும். தமிழில் பெரும்பாலும் இணைப்புக் கோடும் போடுவதில்லை. மனிதக் கண் தானாகச் சேர்த்துப் படித்துவிடும். மென்பொருளுக்கு அது இரண்டு துண்டு.

மூன்றாவது, எழுத்தே மாறியது. லை, னை, ணை, றா போன்றவற்றுக்குப் பழைய அச்சில் வேறு வடிவம். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்றது 1978இல். நடுவில் 43 வருடம், இரண்டு வகை எழுத்தும் தமிழ் அச்சில் ஒரே சமயத்தில் புழங்கியிருக்கின்றன. அந்தக் காலத்துப் பக்கங்களைப் படிக்கும் மென்பொருளுக்கு இரண்டு எழுத்துமுறையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேடிக்கை, புதிய எழுத்து வடிவத்துக்கும் முதல் சான்று ஒரு பத்திரிகைதான்.

நான்காவதுதான் பெரிய பள்ளம். ஊரடங்கு 1950இல் அகப்பட்டுவிட்டது என்று துள்ளினால், அது 'ஊர் தூங்கிய நேரம்' என்ற பழைய பொருளாக இருக்கும். சொல்லின் வயது வேறு, பொருளின் வயது வேறு. இதைக் கணினி சொல்லாது, வாக்கியத்தைப் படிக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும்.

எடைக்குப் போன தேதிகள்

தமிழுக்கு நல்ல அகராதிகள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924இல் தொடங்கி 1936இல் முடிந்தது, 1939இல் பின்னிணைப்பும் வந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இலக்கியச் சொற்களின் வரலாற்றுக்குச் சாந்தி சாதனாவின் வரலாற்றுமுறைத் தமிழ் இலக்கியப் பேரகராதி இருக்கிறது. இன்றைய தமிழுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992, 2008, 2020 என மூன்று பதிப்பு கண்டது. அதை உருவாக்கிய க்ரியா ராமகிருஷ்ணன், மூன்றாம் பதிப்பு வந்த கையோடு கொரோனாவில் மறைந்தார். சொல் எப்படிப் புழங்குகிறது என்று எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு அந்த அகராதி காட்டும். முதலில் எந்த நாளில் அச்சேறியது என்று காட்டுவது அதன் வேலை அல்ல.

அந்த வேலைக்கு வேண்டிய தாள்கள் எங்கே? நம் வீட்டுப் பரணில் ஆறு மாதம் இருந்துவிட்டு, பழைய பேப்பர்க்காரர் தராசில் ஏறி, பஜ்ஜிக் கடைக்கும் மல்லாட்டை வண்டிக்கும் போய்விட்டன. தப்பித்தவற்றைக் காப்பாற்றும் இடங்கள் சில உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சுச் சேகரத்தை மையமாக வைத்து, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. கன்னிமரா நூலகத்துக்குச் சட்டப்படியே பிரதிகள் போகின்றன.

வெள்ளைக்கார அரசும் ஒரு வகையில் சேர்த்துவைத்தது. தமிழ், தெலுங்குப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று வேவு பார்க்க, மொழிபெயர்ப்பாளர்களை வைத்து 'சுதேசிப் பத்திரிகை அறிக்கை' என்று ரகசியச் சுருக்கங்களைத் தயாரித்தது. மூலத்தாள் அழிந்த பல பத்திரிகைகளின் கருத்து அதில்தான் உயிரோடு இருக்கிறது. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். ஆசிரியர் என்ன கோபப்பட்டார் என்பது தெரியும், எந்தத் தமிழ்ச் சொல்லால் கோபப்பட்டார் என்பது தெரியாது. வரலாற்றாளருக்குக் கிடைத்த புதையல், சொல்லாராய்ச்சிக்காரருக்கு வெறும் டப்பா.

அதிலும் மோசமாக அழிவது மாவட்டப் பக்கம். தலைப்புச் செய்தி எங்காவது ஒரு நூலகத்தில் தங்கிவிடும். விழுப்புரம் பக்கத்தில் வரும் 'கமிட்டியில் மணிலா வரத்து' என்ற நாலு வரிச் செய்தியை யார் எடுத்துவைக்கிறார்கள்?

பேப்பருக்கு வராத சொல்

மணிலா என்றதும் பொட்டலம் நினைவுக்கு வந்துவிட்டது. நிலக்கடலை தென்னமெரிக்காவின் பயிர். நம் பக்கத்துக்கு வந்தபோது பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைச் சுமந்துகொண்டு மணிலாக்கொட்டை ஆனது. வாயில் உருண்டு மல்லாக்கொட்டை, மேலும் தேய்ந்து மல்லாட்டை. விழுப்புரம், திண்டிவனம், கடலூர்ப் பக்கம் வேர்க்கடலை என்று கேட்டால் 'வெளியூரா?' என்று பார்ப்பார்கள்.

இதே திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1940இல் வந்த டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை ரகம் இங்கிருந்துதான் கர்நாடகம்வரை போனது. டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தின் சுருக்கம். ஆக ஒரே கொட்டைக்கு விதைப் பையில் டி.எம்.வி., ஆராய்ச்சிக் கட்டுரையில் நிலக்கடலை, மார்க்கெட் கமிட்டிச் சீட்டில் மணிலா, பேப்பரின் சமையல் குறிப்பில் வேர்க்கடலை. மல்லாட்டை மட்டும் வாயிலேயே இருக்கிறது. 'கொச்சை, மாவட்டம் தாண்டினால் புரியாது' என்று துணையாசிரியர் அதை அடித்துவிடுவார். அவர் வேலை அது, குறை சொல்ல முடியாது.

செய்தித்தாள் பிறப்புப் பதிவு அலுவலகம் என்றால், அங்கே வந்து பதிந்துகொண்ட சொற்களுக்குத்தான் சான்றிதழ். புயலுக்குச் சவூதி வைத்த பெயர் பதிவானது, தலைமுறைகளாக உள்ளூர் வாயில் இருக்கும் பெயர் பதிவாகவில்லை. அதற்கு வேறு ஆள் வேண்டும். நடுநாட்டுச் சொல்லகராதி தொகுத்த கண்மணி குணசேகரன் மாதிரி, காட்டிலும் களத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவர்கள் வேண்டும். இல்லாவிட்டால் மர்ரேயின் பழைய கணக்கேதான்: அபூர்வத்துக்கு 50 சீட்டு, அன்றாடத்துக்கு ஐந்துகூட இல்லை.

பஸ் வந்து நின்றது. வண்டிக்காரரிடம் இன்னொரு பொட்டலம் கேட்டேன். "இப்பத்தான் வெந்துது சார், மல்லாட்டை சூடா இருக்கு, பாத்துப் புடிங்க" என்று நீட்டினார். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அந்த வாக்கியத்தை எழுதினேன். மேலே மல்லாட்டை என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அதன் கீழே, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு, தள்ளுவண்டிக்காரர் சொன்னது. தேதிக்கு நான் மெனக்கெடவே இல்லை. டிக்கெட்டின் முன்பக்கத்தில் அது மணி நிமிடத்தோடு அச்சாகியிருந்தது.